காசு நாறுமா?



கருவாடு விற்கிற அக்கா ஒருத்தர் சேமிப்புப் பணத்தை நீட்டியதும், பக்கத்தில் இருந்தவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நம்ம குழுக் கூட்டம் ஒன்றில்தான் இது நடந்தது. அந்த அக்கா சும்மா விடவில்லை. "நாய் வித்த காசு குரைக்குமா, கருவாடு வித்த காசு நாறுமா?" என்று கேட்டுவிட்டார். இதே பேச்சு ரோமாபுரியிலும் உண்டு என்று தெரிந்தபோது எங்களுக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது.

லத்தீன் மொழியில் 'பெகூனியா நோன் ஓலெத்' என்பார்கள். பணம் நாறாது என்று அர்த்தம். பெகூனியா என்றால் பணம். ஆடுமாடுகளைக் குறிக்கிற 'பெகுஸ்' என்ற சொல்லில் இருந்து வந்தது. நம்ம தமிழிலும் மாடு என்றால் செல்வம் என்று பழைய அர்த்தம் இருக்கிறதே!

கி.பி. 69-ல் வெஸ்பாசியன் என்பவர் ரோமாபுரிக்குச் சக்கரவர்த்தி ஆனார். உள்நாட்டுச் சண்டையில் கஜானா காலி. எதற்கெல்லாம் வரி போடலாம் என்று தேடியவர், மூத்திரத்துக்கும் வரி போட்டார். சிரிக்காதீர்கள், அங்கே அது விலைபோகிற சரக்கு. மூத்திரத்தைச் சில நாள் அப்படியே வைத்தால் அம்மோனியா உண்டாகும். அது துணியில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். சலவைப் பட்டறைக்காரர்கள் அதைச் சேகரித்து, தொட்டியில் ஊற்றி, துணியைப் போட்டு, ஆட்களை விட்டுக் காலால் மிதிக்க வைத்தார்கள்.

மகன் டைட்டஸுக்கு இந்த வரி பிடிக்கவில்லை. அப்பா என்ன செய்தார்? அந்த வரியில் முதலில் வந்த காசை எடுத்து மகன் மூக்குக்கிட்ட நீட்டி, நாறுதா என்று கேட்டார். இல்லை என்றார் மகன். இதுவும் மூத்திரத்தில் இருந்து வந்ததுதானே என்றார் அப்பா. சூட்டோனியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் பிற்பாடு இதை எழுதிவைத்தார். பழமொழியாகச் சுருங்கியது அப்புறம்தான். பிரான்சிலும் இத்தாலியிலும் தெருவோரச் சிறுநீர்க் கழிப்பிடத்துக்கே அந்த ராஜா பெயர் ஒட்டிக்கொண்டது, பாவம்.

ஆனால் ராஜா கேட்டதும் நம்ம அக்கா கேட்டதும் ஒன்றில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ராஜா தொட்டியில் இறங்கவே இல்லை. இறங்கி மிதித்தவர்களில் அடிமைகளும் உண்டு. நாற்றம் அவர்களுக்கு, காசு இவருக்கு. ஐரோப்பாவில் இந்தப் பழமொழியைத் தப்பான வழியில் வந்த பணத்துக்குச் சாக்காகவும் சொல்கிறார்கள். அக்கா அப்படியா? தானே உப்புப் போட்டு, தானே காயவைத்து, தானே சந்தைக்குச் சுமந்து விற்கிறார்.

மூக்கைப் பொத்தியவர் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்புதானாம். அடுத்த வாரம் அக்கா சேமிப்போடு உள்கடன் தவணையையும் சேர்த்தே கட்டினார். ஊக்குநர் எண்ணிப் பார்த்து, நோட்டில் எழுதி, பெட்டியில் வைத்தார்.