துகளுக்கு இரத்தம் போர்த்தும் சட்டை

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் புறப்பரப்பு வேதியியலை ஒரு சமயமும், உயிரி சிதைவடையும் பலபடிகளை ஆண்டின் கடைசியிலும் நடத்துகிறோம். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக மாணவர்கள் நினைப்பதில்லை. மருந்தை நானோ துகளில் அடைத்து ஊசி போட்டால் அது நேராகப் புற்றுநோய்க் கட்டிக்குப் போய்ச் சேரும் என்று மட்டும் எங்கோ படித்து வைத்திருப்பார்கள். ஜவ்வாது மலையில் என் வகுப்பு மாணவி ஒருத்தி, "அதுக்கு வழி தெரியுமா சார்?" என்று கேட்டாள். அதற்கு விடை சொல்ல இந்த இரண்டு பாடங்களும் சேர்ந்தால்தான் முடியும். இரண்டு பாடவேளைகள் போதும்.

முதலில் ஒரு கணக்கு. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் புறப்பரப்பு 6 ச.செ.மீ. அதையே 100 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 60 ச.மீ. ஆகிவிடும். 20 அடிக்கு 20 அடி வகுப்பறையின் தரை சுமார் 37 ச.மீ.தான். மாணவர்களே கரும்பலகையில் போட்டுப் பார்க்கட்டும். நாம் சொல்வதைவிட அந்தப் பூச்சியங்களை எண்ணும்போதுதான் நம்புவார்கள். இவ்வளவு பரப்பு இருந்தால் பரப்பு கவர்தல் நடக்காமல் இருக்குமா?

அதிகம் ஆராயப்பட்ட துகள் பி.எல்.ஜி.ஏ. என்ற பலபடியால் ஆனது. தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் எஸ்டர் பிணைப்பால் கோத்த சங்கிலி அது. உடலுக்குள் நீராற்பகுப்பு அடைந்து, மீண்டும் அந்த அமிலங்களாகி, கடைசியில் கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் வெளியேறும். அறுவை சிகிச்சையில் பிரிக்கத் தேவையில்லாத தையல் நூலும் இதே குடும்பம்தான். இதைச் சொன்னால் பலருக்கும் உடனே விளங்கிவிடும்.

இந்தத் துகள் நீர்வெறுக்கும் பரப்புடையது. இரத்தத்தில் விழுந்த நொடியிலேயே புரதங்கள் அதன்மேல் ஒட்டுகின்றன. 100 மி.லி. இரத்தத் தெளிநீரில் ஆல்புமின் மட்டும் 3.5 முதல் 5 கிராம் வரை உண்டு. முதலில் ஒட்டுவதும் பெரும்பாலும் அதுதான். பிறகு, எண்ணிக்கையில் குறைந்தாலும் பரப்பை இறுகப் பற்றும் புரதங்கள் வந்து அதை இடம்பெயர்க்கின்றன. லியோ விரோமன் 1960-களில் கண்ணாடி போன்ற பரப்புகளில் இதைக் கண்டறிந்ததால் விரோமன் விளைவு என்று பெயர்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரும் பேருந்தைச் சொல்லி இதை விளக்கலாம். நின்றதும் பையன்கள் ஏறி இடம் பிடிப்பார்கள். கைக்குழந்தையோடு ஓர் அம்மா வந்ததும் எழுந்துவிடுவார்கள். உவமை இங்கே நின்றுவிடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். இருக்கையில் உட்கார்ந்த பையன் உருமாறுவதில்லை. பரப்பில் ஒட்டிய புரதமோ மடிப்பு குலைந்து உருமாறக்கூடும்.

இப்படிப் படியும் புரத உறைக்கு 2007-இல் கென்னத் டாசன், சாரா லின்சே குழுவினர் வைத்த பெயர் 'புரதக் கொரோனா'. வகுப்பில் சிரிப்பு எழும். வைரஸுக்கும் இதற்கும் உறவில்லை, இரண்டும் கிரீடம் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை என்று சொல்லிக் கடந்துவிடலாம்.

இனிதான் மாணவியின் கேள்விக்கு விடை. செல்கள் நாம் செய்த துகளைப் பார்ப்பதில்லை. அது அணிந்திருக்கும் சட்டையைத்தான் பார்க்கின்றன. சட்டையில் இம்யூனோகுளோபுலினும் நிரப்புப் புரதங்களும் இருந்தால், கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் சில நிமிடங்களில் துகளைப் பிடித்துவிடும். மருந்து கட்டிக்குப் போகாமல் கல்லீரலில் தங்கும்.

இதற்கு ஒரு மாற்று, துகளின்மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளை முளைக்க வைப்பது. பலாப்பழம் அரியும் முன் கையில் எண்ணெய் தடவுவதை எங்கள் பிள்ளைகள் உடனே சொல்வார்கள். நல்ல உவமைதான். ஆனால் இங்கே வேலை செய்வது எண்ணெய் அல்ல, இழைகள் பிடித்துவைக்கும் நீர்ப்படலம். 1994-இல் ருக்சாண்ட்ரா கிரெஃப், ராபர்ட் லேங்கர் குழுவினர் இத்தகைய துகள்களை எலிகளுக்குச் செலுத்தியபோது, அவை இரத்தத்தில் நெடுநேரம் சுற்றின; கல்லீரலில் சேர்வதும் குறைந்தது. ஒட்டுதல் குறையும், அடியோடு நிற்காது.

ஒட்டுவதையே பயன்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. ஜெர்மனியின் யோர்க் குரோய்ட்டர் குழு, மக்கும் பலபடித் துகளுக்குப் பாலிசார்பேட்-80 பூசியது. அந்தப் பூச்சு இரத்தத்திலிருந்து அப்போலிப்போபுரதம்-ஈ என்ற புரதத்தை ஈர்த்துக்கொள்ள, எலிகளில் மருந்து மூளைக்குள் நுழைந்தது.

செய்முறைக்குப் பால் போதும். ஒரு டம்ளர் நீரில் சில சொட்டுப் பால் விட்டு, இருட்டில் செல்பேசி விளக்கை அடித்தால் ஒளிக்கற்றையின் பாதை தெரியும். அங்கே ஒளியைச் சிதறடிப்பவற்றில் கேசின் துகள்களும் உண்டு. அவையும் ஏறக்குறைய நமது மருந்துத் துகளின் அளவே. அவற்றின்மேல் கப்பா-கேசின் இழைகள் முடிபோல நீட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் காக்கின்றன. வேறொரு டம்ளரில் நீர் கலக்காத பாலில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். அமிலத்தில் அந்த முடி படிந்துபோக, பால் திரிகிறது. வெளிப்பரப்பு மாறினால் துகளின் கதி மாறுவதைக் கண்ணால் காட்ட, நமது ஆய்வகத்தில் இதைவிட எளிய வழி இல்லை.

மிகைப்படுத்தாமல் முடிப்பதும் முக்கியம். 2016-இல், அதற்கு முந்தைய பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சேர்ந்தது இடைநிலை மதிப்பாக 0.7 விழுக்காடு மட்டுமே. இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மீதி 99.3 எங்கே போயிருக்கும் என்று கேளுங்கள். 'கல்லீரல்' என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண். ஏன் கல்லீரல் என்பதற்குப் புரத உறையைக் காரணமாகக் காட்டினால் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.