அடித்துவிட்ட வரி

அன்புள்ள கண்ணு,

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’யைப் படித்துவிட்டு நீ எழுதி அனுப்பிய ஐந்து பக்கமும் வந்து சேர்ந்தது. இரண்டு தடவை வாசித்தேன். கல்லூரிக்குப் போன முதல் வருஷத்திலேயே ஒரு நாவலோடு இப்படி மல்லுக்கட்டுகிறாயே என்று மனசு நிறைந்தது. பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன் ஊர் எருமப்பட்டிப் பக்கம் உன்னைப் போல எழுதத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் இன்னும் சிலர் இருப்பார்கள்.

முதல் பக்கத்தில் மட்டும் ‘டிஸ்டோபியா’ ஆறு முறை வருகிறது. அடுத்து ஆர்வெல் வருகிறார். பிறகு யார் யாருக்குப் பதிலாக நிற்கிறார்கள் என்று ஒரு கணக்குப் போடுகிறாய்: பூனாச்சியை வளர்க்கும் கிழவி என்றால் ஏழை சனம், பூனாச்சி என்றால் பெண்ணினம். ஆர்வெல் எழுதி 1945இல் வந்த ‘விலங்குப் பண்ணை’க்கு இந்தக் கணக்கு சரியாக வரும். நெப்போலியன் என்ற பன்றியின் பின்னால் ஸ்டாலின் நிற்பது தெரிந்தால்தான் அந்தக் கதை முழுசாகத் திறக்கும். பூனாச்சியின் பின்னால் அப்படி யாரும் இல்லை கண்ணு. பிறந்த நாளிலிருந்து பாலுக்குத் தவிக்கிற, பூவன் என்ற கிடாய்க்காக ஏங்குகிற, ஒரே ஈத்தில் ஏழு குட்டி போடுகிற கறுப்பு வெள்ளாடு அவள். சேலம் கருப்பு என்றே ஓர் ஆட்டினத்துக்குப் பெயர் இருக்கிறது. அது மேயும் மண்ணில் வளர்ந்தவள் நீ. பூனாச்சியை முதலில் ஆடாகப் பார்க்க உன்னைவிடத் தோதான கண் யாருக்கு இருக்கிறது?

நாவலில் பல பக்கங்கள் பசியைப் பற்றியவை. மழை பொய்க்கிறது, தழை தீர்கிறது, ஆடுகள் ஒவ்வொன்றாகப் பட்டியை விட்டுப் போகின்றன. அதை நீ நான்கே வரியில் கடந்துவிட்டாய். புத்தகம் வந்த 2016இல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது. 2017 ஜனவரியில் அரசு தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவித்தது. அப்போது நீ சின்னப் பிள்ளை. அந்த வருஷம் வீட்டில் எத்தனை உருப்படி இருந்தது, எத்தனையை விற்றார்கள், என்ன விலைக்குப் போனது என்று உன் அம்மாவைக் கேள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கங்களை மறுபடி படி.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். டிஸ்டோபியா என்றால் இனிமேல் வரப்போகும் கெட்ட காலம் என்று எழுதியிருக்கிறாய். இந்த நாவலை எழுதியவர் நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். 2010இல் வந்த அவருடைய ‘மாதொருபாகன்’ நாவலுக்கு 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியது; பிரதிகளைக் கொளுத்தினார்கள். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தையில் நிபந்தனையற்ற மன்னிப்புக்குக் கையெழுத்திட்டார். அதோடு, எழுத்தாளனாக இருந்த தான் இறந்துவிட்டதாக அறிவித்து எழுதுவதையே நிறுத்தினார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் மறுபடி உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்று தீர்ப்புச் சொன்ன பிறகு வந்த நாவல்தான் பூனாச்சி. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிட அச்சம், அதனால் ஆட்டிடம் வந்தேன் என்ற பொருளில் முன்னுரையில் சொல்லியிருப்பார். நீ அந்த முன்னுரையைத் தாண்டிப் போயிருக்கிறாய் என்று நினைக்கிறேன். உன் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடத்தில், உன் காலத்தில் நடந்தது இது. எதிர்காலத்துக்குப் போய்த் தேட வேண்டியதில்லை.

இப்போது உன் நான்காம் பக்கத்துக்கு வருகிறேன். நாவலில் ஆட்டின் காது குத்த சனங்கள் வரிசையில் நிற்கும் இடத்தைப் பற்றி எழுதும்போது, உங்கள் வீட்டு எருமைக்குக் காதுவில்லை மாட்டிய நாளைச் சொல்லி, இரண்டும் ஒன்றுதான் என்று முடித்திருக்கிறாய். அங்கே உன்னோடு நான் உடன்படவில்லை. 12 இலக்க எண் போட்ட அந்த வில்லை, கோமாரித் தடுப்பூசி எந்த உருப்படிக்குப் போட்டாயிற்று என்று கணக்கு வைக்க உதவுகிறது. கோமாரி வந்து வாயும் குளம்பும் புண்ணாகி, தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்ற மாட்டை நான் பார்த்திருக்கிறேன்; அந்த ஊசியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாவலில் என்னை நடுங்கவைத்தது காதில் விழுந்த துளை இல்லை. வரிசையில் நிற்பவர்கள் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்களே, அதுதான்.

அது உனக்கும் தெரிந்திருக்கிறது. அதே பக்கத்தின் கீழே நீ எழுதி, நீல மையால் அடித்துவிட்ட ஒரு வரி இருக்கிறது. மை மெலிந்த இடத்தில் எழுத்துகள் தெரிகின்றன. ‘எதுக்குப்பா நம்பர்னு கேட்டேன். கம்முனு இரு, ஆளுங்க நிக்கறாங்கன்னு அப்பா சொன்னார்.’

அவ்வளவு சாதாரணமான கேள்விக்கு ஊசி போட வந்தவரே சிரித்துக்கொண்டு பதில் சொல்லியிருப்பார். ஆனாலும் உன் அப்பா உன்னை அடக்கினார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. ரேஷன் கடை வரிசையில் எடை ஏன் குறைகிறது என்று கேட்ட என் வாயை என் பாட்டியும் இப்படித்தான் பொத்தினாள். யாரும் மிரட்டாதபோதே பேச்சை விழுங்கும் இந்தப் பழக்கத்தைப் பூனாச்சியின் வரிசையில் நீ அடையாளம் கண்டிருக்கிறாய். ஐந்து பக்கத்தில் ஆர்வெல்லும் சொல்லாதது, நானும் சொல்லித்தர முடியாதது அந்த ஒரு வரிதான். அதைப் போய் அடித்துவிட்டாயே!

கட்டுரை எங்காவது அச்சானால் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறாய். சரி, அது உன் விருப்பம். பயம் இருந்தால் இருக்கட்டும். அடித்த வரியை மட்டும் முதல் வரியாக வைத்து, மறுபடி எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் கட்டுரைக்காகக் காத்திருக்கும் ஒரு வாசகன்