பாதியில் விட்டு எழுந்திருக்க

கோயம்புத்தூர்

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது பின்னால் சின்னவன் வீறிட்டு அழுதான். சட்டென்று மியூட் போட்டாய். அரை நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து, "ஒண்ணுமில்லீங்க சித்தி, நீங்க சொல்லுங்க" என்றாய். பேர் வைக்கும்போது அவனை மடியில் வைத்திருந்தவள் நான். அவன் அழுகையை என்னிடமே மறைக்கிறாயே என்று மனசு சுருங்கிவிட்டது.

திங்கட்கிழமை சோழிங்கநல்லூரில் புது வேலையில் சேர்கிறாய். முதல் மூன்று மாதம் குழந்தைகள் தூங்கிய பிறகு பத்து மணிக்கு உட்கார்ந்து ஒரு மணி வரை வேலை பார்த்து, நான் யார் என்று காட்டிவிடுவேன் என்றாய். அதற்குப் போனில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நான் யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2007. தரமணியில் வேலை. நம் பாப்பாவுக்கு அப்போது இரண்டு வயது. அன்று காலையிலிருந்தே உடம்பு சுட்டுக்கொண்டிருந்தது. அன்று ராத்திரிதான் ரிலீஸ். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று மேனேஜரிடம் சொன்னால், கல்யாணமான பெண்ணை நம்பி ரிலீஸ் கொடுக்க முடியாது என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. பதினொரு மணிக்கு, வாடிக்கையாளர் கணக்குகளில் மாதக் கட்டணத்தைப் பதிவு செய்கிற ஸ்கிரிப்டை ஓட்டினேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போது சித்தப்பா போன்: காய்ச்சல் 103. நடைபாதையில் நின்று இருபது நிமிஷம் பேசினேன். திரும்பி வந்து பார்த்தால் இணைப்பு அறுந்து ஸ்கிரிப்ட் நின்றிருந்தது. எத்தனை கணக்கு முடிந்தது, எது பாக்கி என்று எங்கேயும் பதிவில்லை. கை நடுங்கிக்கொண்டே முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன். ஏற்கெனவே முடிந்த கணக்குகளிலெல்லாம் கட்டணம் இரண்டு முறை ஏறிவிட்டது. அதைச் சரிசெய்ய ஆறு பேருக்கு இரண்டு நாள் பிடித்தது. காரணம் கேட்டபோது "கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழந்தையைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை.

பல வருஷம் அந்த ராத்திரி நாற்காலியை விட்டு எழுந்ததுதான் என் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பே இல்லை. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எழுந்துதான் ஆகவேண்டும். எழுந்தால் கெட்டுப்போகும் நிலையில் வேலையை வைத்திருந்தேன் பார், அதுதான் தப்பு. நான் உனக்குச் சொல்ல நினைப்பது இந்த ஒன்றைத்தான். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் புரோகிராமராக இருக்கிறவன் வேகமாக எழுதக் கற்றுக்கொள்வதற்கு முன்னால், பாதியில் விட்டு எழுந்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மார்கரெட் ஹாமில்டனைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். எம்ஐடியில் அப்போலோ விண்கலங்களுக்கு மென்பொருள் எழுதிய குழுவுக்குத் தலைமை ஏற்றவர். சாயங்காலமும் விடுமுறை நாளும் வேலை இருந்ததால் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டே போவார். ஒருநாள் அந்தக் குழந்தை விண்வெளி வீரர் மாதிரி விளையாடி, சிமுலேட்டரின் பொத்தான்களை அமுக்கியது. பறந்துகொண்டிருக்கும் நடுவில், தரையில் இருக்கும்போது மட்டும் இயங்க வேண்டிய நிரல் கிளம்பிவிட்டது, எல்லாம் நின்றுபோனது. இதற்கு ஒரு தடுப்பு வைக்கலாம் என்று ஹாமில்டன் கேட்டார். பயிற்சி பெற்ற வீரர் அப்படிச் செய்யமாட்டார் என்று மறுத்துவிட்டார்கள். 1968 டிசம்பரில் அப்போலோ 8இல் ஜிம் லவல் அதையேதான் செய்தார். கலம் எங்கே இருக்கிறது என்ற தகவல் அழிந்துபோய், பூமியிலிருந்து மறுபடி அனுப்பிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஒரு குழந்தை வேலையிடத்துக்கு வந்ததால் தெரியவந்த குறை அது.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, 1969 ஜூலை 20 அன்று சந்திரனில் இறங்கும்போது நடந்தது. கணிப்பொறிக்குச் சுமை தாங்காமல் 1202 என்ற எச்சரிக்கை வந்தது. கணிப்பொறி நின்று, தன்னைத் தானே மறுபடி தொடங்கிக்கொண்டது. ஒரு முறை இல்லை, பல முறை. ஆனாலும் இறங்குவது நிற்கவில்லை. முக்கியமான வேலைகள் தாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை அவ்வப்போது குறித்து வைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார்கள். திரும்பத் தொடங்கும்போது குறித்த இடத்திலிருந்து அவை தொடர்ந்தன. அவ்வளவு அவசரமில்லாதவை கைவிடப்பட்டன. 2007இல் என் ஸ்கிரிப்டுக்கு இல்லாமல் போனது அந்தக் குறிப்புதான் கண்ணு.

அதனால் எழுந்திருப்பதற்கு முன் ஒரு வரி எழுதி வை. நான் ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்தே வைத்திருப்பேன். "தேதி மாற்றும் ஃபங்ஷனில் நிற்கிறேன், பிப்ரவரி 29 இன்னும் பார்க்கவில்லை" என்று தமிழிலேயே தட்டுவேன். பத்து நொடிதான் ஆகும். இது இல்லாவிட்டால், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து, விட்ட இடத்தைத் தேடவே அரை மணி நேரம் போய்விடும். கமிட்டைச் சின்னச் சின்னதாகப் போடு. நாள் முழுக்கச் சேர்த்துவைத்து ஆறு மணிக்கு ஒரே மூட்டையாகக் கட்டாதே. உன் பிராஞ்ச் தினமும் உன் லேப்டாப்பை விட்டு வெளியே போயிருக்க வேண்டும். மறுநாள் நீ ஆஸ்பத்திரியில் இருந்தாலும் பக்கத்து சீட்டுக்காரர் எடுத்துத் தொடர முடியும். சாயங்காலம் கிளம்பும்போது, அடுத்து எழுத வேண்டியதற்கான டெஸ்டை மட்டும் எழுதி, அது ஃபெயில் ஆகிற நிலையில் விட்டுவிட்டுப் போ. காலையில் அந்தச் சிவப்பு வரியே உன்னைக் கைபிடித்துக் கூட்டிப்போகும். டேட்டாவைத் தொடுகிற எதை எழுதினாலும், இரண்டாம் முறை ஓடினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள். இரண்டு முறை ஓடினாலும் ஒரு முறை ஓடியதாகவே இருக்கும்படி எழுது. இந்த ஒன்றை மட்டும் என்னிடம் கடன் வாங்கியதாக வைத்துக்கொள்.

இப்போது அந்தப் பத்து மணி முதல் ஒரு மணி வரை கணக்குக்கு வருகிறேன். ராத்திரி இரண்டு முறை எழுந்து பால் கலக்குகிற மனுஷனுக்கு அந்த மூன்று மணி நேரம் கைக்கு வந்தது மாதிரி தெரியும். உண்மையில் அது மறுநாளிடமிருந்து பிடுங்கியது. இப்போது கோட் எழுதித் தர இயந்திரமே இருக்கிறது, கேட்டால் நொடியில் கொட்டுகிறது. அதில் எது சரி, எது தப்பு என்று பிரிக்கத் தெளிந்த தலை வேண்டும். அரைத்தூக்கத்தில் ஒப்புக்கொண்ட கோட் பின்னால் எவ்வளவு வேலை வைக்கும் என்று எனக்குத் தெரியும், உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன். முதல் மாதம் நீ எவ்வளவு எழுதினாய் என்று விவரம் தெரிந்த யாரும் பார்க்கமாட்டார்கள். எப்படிப் படிக்கிறாய், என்ன கேட்கிறாய் என்றுதான் பார்ப்பார்கள். கேள்வியை முதல் வாரமே கேட்டுவிடு. மூன்றாம் மாதம் கேட்க உனக்கே கூச்சமாக இருக்கும்.

மறைப்பதைப் பற்றி. இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷெர்லி என்ற பெண் 1962இல் ஆறு பவுண்டு முதலில் ஒரு மென்பொருள் கம்பெனி தொடங்கினார். குழந்தை பெற்றதால் வேலையை விட்ட பெண் புரோகிராமர்களுக்கு வீட்டிலிருந்தே வேலை கொடுத்தார். முதல் முந்நூறு பேரில் ஆண்கள் மூன்று பேர்தான். கன்கார்ட் விமானத்தின் பறப்புப் பதிவுக் கருவிக்கான நிரல் அவர்கள் எழுதியது. பெண் பெயரில் போட்ட கடிதத்துக்குப் பதில் வராததால் "ஸ்டீவ்" என்று கையெழுத்துப் போட்டார். வாடிக்கையாளர் போனில் வரும்போது வீட்டுச் சத்தம் கேட்காமலிருக்க, தட்டச்சு ஓடுகிற ஒலியைப் பதிவுசெய்து பக்கத்தில் ஓடவிடுவாராம். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு அன்று வேறு வழியில்லை. உனக்கு இருக்கிறது. அந்தத் தட்டச்சு ஒலியும் உன் மியூட் பட்டனும் ஒன்றாக இருக்க வேண்டாம்.

முதல் வாரமே மேனேஜரிடம் நேராகச் சொல்லிவிடு. மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம். "எட்டரை வரைக்கும் குழந்தைகளை நான் பார்த்துக்கணும், சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரைக்கும் போன் எடுக்க முடியாது, மத்த நேரம் நான் இருப்பேன்" என்று சொல். அவர் ஸ்டாண்ட்அப்பைப் பத்து மணிக்கு வைக்கலாம், ஆன்கால் முறையை மாற்றிப் போடலாம். தெரிந்தால்தானே செய்வார்? சொன்ன நேரத்தில் நீ தவறாமல் கிடைத்தால், சொல்லாத நேரத்தில் யாரும் தேடமாட்டார்கள். சில மேனேஜர் முகம் சுளிப்பார்கள்தான். அதுவும் முதல் வாரமே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

பெண்கள் சொன்னால் ஒரு மாதிரியும் ஆண்கள் சொன்னால் ஒரு மாதிரியும் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி 26 வாரம் விடுப்பு ஆக்கினார்கள்; ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றார்கள். நல்லது. ஆனால் தாய் மட்டும்தான். மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்குப் பதினைந்து நாள் விடுப்பு உண்டு. உன்னைப் போலத் தனியாரில் இருக்கிறவனுக்குச் சட்டத்தில் ஒரு நாள்கூடக் கிடையாது. தகப்பன்மார் வாயை மூடிக்கொண்டிருக்கும் வரை இது மாறாது. நீ சொல்கிற ஒவ்வொரு முறையும் உனக்குப் பின்னால் வருகிறவனுக்கும், உன் டீமில் இருக்கிற பெண்களுக்கும் சொல்வது லேசாகும். எனக்கு முன்னால் ஒரு ஆண் அப்படிச் சொல்லியிருந்தால் 2007இல் நானும் வாய் திறந்திருப்பேன்.

வீட்டுக்கு வருகிறேன். மருமகளும் பேங்க் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அவளுக்கு "உதவி" செய்கிறேன் என்று நீ இரண்டு முறை சொன்னாய். அந்த வார்த்தையை விட்டுவிடு. ஆபீஸில் ஷிஃப்ட் மாறும்போது கைமாற்றிக் கொடுக்கிறாயே, அது வீட்டுக்கும் வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். சின்னவன் எத்தனை மணிக்குக் குடித்தான், காய்ச்சல் மருந்து எத்தனை மணிக்கு எத்தனை மில்லி கொடுத்தது, யார் கொடுத்தது என்று எழுதி வையுங்கள். ஒரே மருந்தை நீ ஒரு தரம், அவள் ஒரு தரம் கொடுத்துவிடுவது, நான் கட்டணத்தை இரண்டு முறை ஏற்றியது மாதிரிதான். ஆனால் அதைத் திருத்த ஆறு பேர் வரமாட்டார்கள். நாப்கின் தீர்ந்ததா, ஆயாவுக்குச் சம்பளத் தேதி எது, பெரியவள் ஸ்கூலுக்கு என்ன கட்டிக்கொடுப்பது என்பதெல்லாம் அவள் தலையிலேயே இருக்கிறது. அதில் பாதியை வாங்கிக்கொள். அவள் சொல்லி நீ செய்வதாக இல்லாமல், உனக்கே ஞாபகம் இருக்கிற பாதியாக இருக்கட்டும்.

காகித வேலை இரண்டு. பழைய கம்பெனியின் மருத்துவக் காப்பீடு அநேகமாகக் கடைசி வேலை நாளோடு போய்விடும். புதிதில் சேர்ந்த அன்றே எச்ஆரிடம் கேட்டு மனைவி, குழந்தைகள் பெயரைச் சேர்த்துவிடு. சின்னவனின் பிறப்புச் சான்றிதழைக் கையோடு எடுத்துப் போ. பிஎஃப் பணத்தை எடுத்துவிடாதே, அதே யுஏஎன்னில் மாற்றிக்கொள்.

சின்னவனுக்கு அடுத்த மாதம் 9 மாத ஊசி, தட்டம்மைக்கானது. அந்தத் தேதியை ஆபீஸ் காலண்டரிலேயே போடு. "பெர்சனல்" என்று எழுதாதே, "மகனுக்குத் தடுப்பூசி" என்று எழுது. ஊசி போட்ட பிறகு காய்ச்சல் வரலாம். ஊசிக்கு முதல் நாள் காலை இன்டர்சிட்டி எக்ஸ்பிரஸில் ஏறி மத்தியானம் சென்ட்ரலில் இறங்கிவிடுகிறேன், நீ கூப்பிட வர வேண்டாம். உன் அம்மா ராகி மாவு அரைத்துத் தந்திருக்கிறாள், இரண்டு கிலோ, எடுத்து வருகிறேன். நான்கு நாள் இருப்பேன். ஆனால் ஊசிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போகிறவன் நீதான்.

அன்புடன்,
சித்தி