பழைய உழவு இயந்திரத்தில் எண்ணெய் மாற்றுதல்

அலகு: உராய்வு நீக்கலும் குளிர்த்தலும்

மாணவர்களே! இரத்தோட்டை போன்ற மலைப்பாங்கான இடங்களில் பெட்டி இழுத்து ஏற்றம் ஏறும் உழவு இயந்திரத்தின் எஞ்சின் கடுமையாக வெப்பமடையும். அதன் ஆயுளைக் காப்பது எண்ணெயே. 1964இல் அறிமுகமான மெசி பேர்கசன் 135 இயந்திரத்தை உதாரணமாகக் கொள்வோம்.

எஞ்சின் எண்ணெயின் தொழில்கள்
• உராய்வைக் குறைத்தல்
• வெப்பத்தைக் கடத்துதல்
• கரியையும் உலோகத் துகள்களையும் வடிக்குக் கொண்டுசெல்லல்
• துருப்பிடித்தலைத் தடுத்தல்

உழவு இயந்திரம் மெதுவாக ஓடியே அதிக வேலை செய்கிறது. ஆகவே எண்ணெய் மாற்றும் காலம் கிலோமீற்றரில் அன்றி, வேலை செய்த மணித்தியாலங்களில் கணிக்கப்படும்.

படிமுறை
1. சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை வைக்குக. சரிவில் அளவுகோல் பிழையான மட்டத்தைக் காட்டும்.
2. எஞ்சினைச் சில நிமிடம் இயக்கி நிறுத்துக. சூடேறிய எண்ணெயின் பாகுத்தன்மை குறைவதால் அழுக்குடன் இலகுவாக வடியும்.
3. பாத்திரம் வைத்து, எண்ணெய்ச் சட்டியின் அடியிலுள்ள ஆணியைக் கழற்றுக. கையுறை அணிக.
4. வடியையும் அதன் இறப்பர் வளையத்தையும் மாற்றுக. பழைய வளையம் ஒட்டியிருப்பின் எண்ணெய் கசியும்.
5. ஆணியை இறுக்கி, கையேட்டில் கூறிய தர எண்ணெயை அளவுகோலின் இரு குறிகளுக்கிடையே நிற்குமாறு ஊற்றுக.
6. எஞ்சினை இயக்கி எண்ணெய் அமுக்கமானியையும் கசிவையும் பார்க்க. நிறுத்திச் சற்று நேரத்தின் பின் மீண்டும் அளக்க.

ஏனைய திரவங்கள்
இவ்வியந்திரத்தில் கியர்பெட்டியும் நீரியல் தூக்கியும் ஒரே எண்ணெயையே பயன்படுத்துகின்றன. எனவே அந்த எண்ணெய் அழுக்கானால் கலப்பையைத் தூக்குவதும் பாதிக்கப்படும். ரேடியேற்றர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கலாகாது. அமுக்கத்திலுள்ள கொதிநீர் பீறிட்டு உடலைச் சுடும்.

நினைவிற்கொள்க
எண்ணெய் பால் நிறமானால் நீர் கலந்துள்ளது. மட்டம் உயர்ந்து டீசல் மணத்தால் எரிபொருள் கலந்துள்ளது. இரண்டிலும் எண்ணெயை மாற்றுவது மட்டும் போதாது. காரணத்தைக் கண்டு திருத்த வேண்டும்.

மாதிரி வினா
கழிவு எண்ணெயை ஓடையில் ஊற்றலாகாது. ஏன்?

விடை: எண்ணெய் நீரின் மேல் படலமாகப் பரவி, வளியிலுள்ள ஒட்சிசன் கரைவதைத் தடுக்கும், மீன்கள் இறக்கும். அதிலுள்ள உலோகங்களும் நஞ்சுப் பொருள்களும் குடிநீரைக் கெடுக்கும். இரத்தோட்டை ஓடைகளின் நீர் அம்பன் கங்கை வழியே மகாவலியை அடைவதால், கீழே வாழ்வோரும் பாதிக்கப்படுவர். கழிவு எண்ணெயை மூடிய கொள்கலனில் சேர்த்து, மீள்சுழற்சிக்குச் சேகரிப்போரிடம் கொடுக்க வேண்டும்.