ஓர் உத்தரவுக்கு இரண்டு நொடி

கேள்வி: என் மகன் தொழிற்சங்கத்தில் தீவிரமாக இருக்கிறான். கொஞ்ச நாளாக அவனோடு பேசும்போது போனில் டக் டக்கென்று சத்தம் வருகிறது. ஒட்டுக்கேட்கிறார்களோ என்று பயம். "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்கிறார் கணவர். அரசு இஷ்டத்துக்குக் கேட்கலாமா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அம்மா, அந்தச் சத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இன்று ஒட்டுக்கேட்பு தொலைபேசி நிறுவனத்தின் கருவியிலேயே நடக்கிறது. உங்கள் காதுக்கு எதுவும் எட்டாது.

இஷ்டத்துக்குக் கேட்க முடியாது. பி.யு.சி.எல். என்ற மக்கள் உரிமை அமைப்பின் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. பொதுவாக உள்துறைச் செயலாளர்தான் உத்தரவிட வேண்டும். அது இரண்டு மாதம் செல்லும். நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். லஞ்சப் புகார் ஒன்றுக்காக 2011-ல் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. சட்டம் கேட்கும் பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புத் தேவையோ அதில் இல்லை. பதிவுகள், இத்தகைய உத்தரவுகளைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவும் இல்லை.

அந்தக் குழுதான் என் கவலை. மத்தியில் அதில் இருப்பவர்கள் அமைச்சரவைச் செயலாளர், சட்டச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர். நீதிபதி ஒருவர்கூடக் கிடையாது. உத்தரவு போடுவதும் அரசு, சரிபார்ப்பதும் அரசு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் இந்தக் குழுவின் முன் ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் வருவதாக, தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைத்த பதிலை வைத்து, 2018-ல் தரவுப் பாதுகாப்புக்கான நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு எழுதியது. எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தாலும் ஓர் உத்தரவுக்கு இரண்டு நொடி தேறாது. கோப்பின் நாடாவை அவிழ்க்கவே அது போதாது. ஒட்டுக்கேட்புக்கு வழிசெய்த பழைய தந்திச் சட்டம் போய் 2023-ல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது; 2024 டிசம்பர் விதிகளும் இந்த ஏற்பாட்டை அப்படியே வைத்திருக்கின்றன.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: தப்பு செய்யாதவனுக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம். வழக்கு என்று வந்தால் பதிவு வெளியே வரும், எதிர்த்து வாதாடலாம். வழக்கே இல்லாதவனுக்குத் தன் பேச்சைக் கேட்டார்கள் என்பதே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எந்தக் கோர்ட்டில் போய் முறையிடுவான்?

மகனோடு வழக்கம்போலப் பேசுங்கள். என்றைக்காவது அவன் பேச்சை யாராவது ஆதாரமாக நீட்டினால், வக்கீல் முதலில் கேட்க வேண்டியவை: உத்தரவு எங்கே, என்ன தேதி, மறுஆய்வுக் குழுவுக்கு எப்போது போனது?