அத்தோ: ரங்கூனிலிருந்து பீச் ஸ்டேஷன் வழியாக நம் வீட்டு அடுப்புக்கு



சென்ற இதழில் ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவர் வீட்டிலேயே பீட்சா செய்வது எப்படி என்று எழுதியிருந்தார். நன்றாக இருந்தது. தோசைக்கல்லில் செய்யலாம் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அதில் ஒரு வரி வந்தது: வெளிநாட்டுச் சமையலையும் நம் சமையலையும் கலப்பது இப்போது வந்த புது ஃபேஷன் என்று. அந்த வரியோடு மட்டும் எனக்குச் சண்டை. எங்கள் வீட்டில் அந்தக் கலப்பு அறுபது வருஷமாக நடக்கிறது. அதற்கு யாரும் ஃபேஷன் என்று பேர் வைக்கவில்லை. சோத்துக்கு வழி என்றுதான் பேர்.

நான் சொல்லப் போவது அத்தோ பற்றி. தாம்பரத்தில் லோக்கல் ட்ரெயின் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே பர்மா பஜார். அதன் பின்பக்கம் செகண்ட் லைன் பீச் ரோட்டில் சாயங்காலம் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். ஆரஞ்சு நிறத்தில் நூடுல்ஸ் குவித்து வைத்திருப்பார்கள். ஒரு கிண்ணத்தில் அதை அள்ளிப் போட்டு, முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், தட்டை மாதிரி ஒன்றை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் சுடச்சுட வாழைத்தண்டு சூப். இப்போது நம்ம தாம்பரம் பக்கம்கூட அத்தோ கடைகள் வந்துவிட்டன. பல பேர் அதைச் சைனீஸ் என்று நினைத்துச் சாப்பிடுகிறார்கள். அது சைனீஸ் இல்லை.

அத்தோ என்பது பர்மியச் சொல். அந்த மொழியில் 'அதோக்' என்பதை, கடைசி ஒலியை விழுங்கி 'அத்தோ' போல உச்சரிப்பார்கள். கையால் கலந்தது, பிசைந்தது என்று பொருள். ஆகவே வண்டிக்காரர் கையால் பிசைவதைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால், அதன் பேரே அதுதான் என்று சொல்லுங்கள். நொறுக்கிப் போடும் தட்டைக்கு பேஜோ என்று பெயர். பர்மிய மொழியில் 'பெ' என்றால் பருப்பு, 'ஜோ' என்றால் பொரித்தது. நம் ஊரில் அரிசி மாவில் செய்தாலும் பேர் மட்டும் மாறவில்லை.

இது எப்படி இங்கே வந்தது? வரலாற்றுப் பாடத்தில் பர்மா பற்றி இரண்டு வரிதான் வரும். பிரிட்டிஷார் காலத்தில் நம் ஊர்களிலிருந்து ஏராளமானவர்கள் கப்பலேறி அங்கே போனார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித் தொழில் செய்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களும் கவுனி அரிசியும் அங்கிருந்து வந்தவை. அரிசி ஆலையிலும் துறைமுகத்திலும் மூட்டை தூக்கியவர்கள் இன்னும் அதிகம். 1942-ல் ஜப்பான் படை நுழைந்தபோது லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம். போர் முடிந்ததும் கொஞ்சம் பேர் திரும்பிப் போனார்கள். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ராணுவ ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் வங்கிகள், 1964-ல் கடைகள் எல்லாம் அரசுடைமை. அதே 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் அந்த நாட்டை விட்டு வெளியேறினார்கள். இங்கே வந்து சேர்ந்தவர்கள் பிழைப்பதற்காக 1969-ல் ஏற்பட்டதுதான் பர்மா பஜார்.

எங்க ஆயா 1965-ல் பத்து வயசில் கப்பலில் வந்தது. அதன் அப்பா ரங்கூனில் சின்ன மளிகைக் கடை வைத்திருந்தாராம். (அந்த நாடு 1989-லேயே மியான்மர் ஆகிவிட்டது, ரங்கூன் யாங்கோன் ஆகிவிட்டது. ஆயா இன்னும் ரங்கூன்னுதான் சொல்லும்.) இங்கே வந்ததும் கையில் ஒன்றும் இல்லை. ஆயாவின் அம்மா ஒரு அலுமினியக் குண்டானில் சூப்பும், ஒரு கூடையில் நூடுல்ஸும் எடுத்துக்கொண்டு துறைமுகம் பக்கம் உட்கார்ந்து விற்றார்கள். ஆயாவுக்கு வேலை வெங்காயம் உரிப்பது.

இப்போது சமையலுக்கு வருவோம். நாலு பேருக்கு அளவு சொல்கிறேன்.

கோதுமை நூடுல்ஸ் 200 கிராம். மசாலா பாக்கெட் வருமே அது வேண்டாம், வெறும் நூடுல்ஸ். நிறையத் தண்ணீர் கொதிக்கவைத்து, உப்புப் போட்டு, முக்கால் பதத்தில் எடுத்து வடிகட்டிப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். அலசினால் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டார்ச் போய்விடும், வேகுவதும் நின்றுவிடும். ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி ஆறவையுங்கள். வண்டிக்கடையில் வரும் ஆரஞ்சு நிறம் கேசரிப் பவுடர். வீட்டில் அது தேவையில்லை, கொஞ்சம் மஞ்சள்தூள் போதும்.

அடுத்தது பூண்டு எண்ணெய். அத்தோவின் உயிரே இதுதான். பதினைந்து பல் பூண்டை மெல்லியதாக நறுக்கி, ஆறு ஸ்பூன் எண்ணெயில் சிறு தீயில் போடுங்கள். வெளிர் பொன்னிறம் வந்தவுடனே அரித்து எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் சிவக்கட்டுமே என்று விட்டால், அடுப்பை அணைத்த பிறகும் எண்ணெய்ச் சூட்டில் கருகிக் கசந்துவிடும். நான் இரண்டு தடவை கசக்கவைத்தேன். பூண்டிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தருவதற்கு மெயிலார்டு வினை என்று பெயர். பிரெஞ்சுக்காரர் மெயிலார்டு 1912-ல் விளக்கியது. நம் முறுகல் தோசையில் நடப்பதும் அதேதான். அந்த எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள், அதிலேதான் மணம் இறங்கியிருக்கும்.

பிறகு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்துத் தண்ணியாக வைத்துக்கொள்ளுங்கள். பொட்டுக்கடலையை வெறும் சட்டியில் சூடாக்கிப் பொடித்தது மூன்று ஸ்பூன். இடித்த மிளகாய், நூல் மாதிரி அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், கொத்தமல்லி, நாலு தட்டை. எல்லாவற்றையும் சாப்பிடும் நேரத்தில்தான் பிசைய வேண்டும். நான் முதல் தடவை அதிகப்பிரசங்கித்தனமாக அரைமணி நேரம் முன்னாடியே புளித்தண்ணீரை ஊற்றி மூடிவைத்தேன். திறந்தால் கூழ்! தட்டை நமுத்துப் போய், முட்டைக்கோஸ் தண்ணீர் விட்டு... சொல்ல வேண்டாம். உப்பும் புளிப்பும் பட்டால் காய் தண்ணீர் விடும் என்பது சவ்வூடு பரவல் பாடத்தில் படித்ததுதான். பரீட்சையில் சரியாக எழுதினேன், சமையலறையில் மறந்துவிட்டேன்.

சூப்புக்கு வாழைத்தண்டு ஒரு அடி. சண்முகம் ரோடு மார்க்கெட்டில் எப்போதும் கிடைக்கும். வட்டமாக அரிந்து நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு மோர்த்தண்ணீரில் போட்டால் கறுக்காது. வெங்காயம், இஞ்சி, பூண்டு வதக்கி, தண்டைப் போட்டு ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி வேகவையுங்கள். வறுத்த கடலை மாவு மூன்று ஸ்பூனைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றினால் கெட்டிப்படும். மிளகுத்தூள், உப்பு. அவ்வளவுதான். பர்மாவில் இதற்கு மூதாதை மொஹிங்கா. அங்கே கெளுத்தி மீனும், மீன் சாறும், எலுமிச்சைப் புல்லும் சேர்த்து, அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றிக் காலையில் சாப்பிடுவார்கள்.

அரிசி நூடுல்ஸ் என்றவுடன் எனக்கு இடியாப்பம் ஞாபகம் வந்தது. அத்தோ மாதிரி பிசைந்து பார்த்தேன். உதிர்ந்து புட்டு ஆகிவிட்டது. கோதுமையில் குளூட்டன் என்ற புரதம் ரப்பர் மாதிரி இழுத்துப் பிடிக்கும், அரிசியில் அது இல்லை. பர்மாக்காரர்கள் அரிசி மாவைப் பாதி வேகவைத்துப் பிசைந்து, கொதிக்கும் தண்ணீரிலேயே பிழிகிறார்கள். அதனால் அவர்களுடையது தாங்குகிறது. நம் இடியாப்பத்தைத் தட்டில் வைத்து, பாயா ஊற்றுவது மாதிரி மேலே சூப்பை ஊற்றிக்கொண்டால் பிரமாதம். எங்க வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு இதுதான்.

பர்மாவும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. அங்கே சமோசாவை வெட்டிப் போட்டுப் பிசைந்தால் சமூசா தோக். பரோட்டாவுக்கு அங்கே பலாத்தா. சாம்பாரில் போடும் மிளகாயும் தக்காளியும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தவைதானே. யார் யாரிடம் வாங்கினார்கள் என்று கணக்குப் பார்த்தால் தலை சுற்றும்.

நான் ஏன் இதில் இவ்வளவு மெனக்கெட்டேன் என்றால், ஏழாம் வகுப்பில் ஒருநாள் டிபன் பாக்ஸில் அத்தோ கொண்டு போனேன். "டேய், மண்புழு சாப்பிடுறான்டா" என்று ஒருவன் கத்தினான், எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து, இனிமேல் இதைச் செய்யாதே என்று ஆயாவிடம் கத்தினேன். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. செய்வதையும் நிறுத்திவிட்டது. மூன்று வருஷம் எங்க வீட்டில் அத்தோ இல்லை. இப்போது ஆயாவுக்குக் கை நடுங்குகிறது, எண்ணெய்ச் சட்டி பக்கம் விடுவதில்லை. அளவு எல்லாம் அதன் கையில்தான் இருந்தது, எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் போன லீவில் நோட்டும் ஸ்பூனுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆயா கட்டிலில் இருந்தே சொல்லச் சொல்ல நான் செய்தேன். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாதான்டா இருக்கு. ஆனா இது மெட்ராஸ் அத்தோ" என்றது. அப்போ ரங்கூன் அத்தோ எப்படி என்று கேட்டேன். "அதுல காய்ஞ்ச கூனி பொடி போடுவாங்க. இங்க ஆபீஸ்காரங்க கவுச்சி வாடைன்னு வாங்கமாட்டேன்னாங்க. அம்மா அதை விட்டுடுச்சு" என்றது. பிழைப்புக்காக விட்ட ஒரு பொருளை, பிறகு வீட்டிலும் யாரும் சேர்க்கவே இல்லை!

அடுத்த வாரம் மார்க்கெட்டில் ஐம்பது ரூபாய்க்குச் சென்னாக்கூனி வாங்கினேன். மண் போக அலசி, வெயிலில் காயவைத்து, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்துப் பொடித்தேன். தெருவே மணத்தது, மாடி வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்தார்கள். நாலு பேருக்கு இரண்டு ஸ்பூன் போதும். காய்ந்த இறாலில் குளூட்டமேட் நிறைய உண்டு. 1908-ல் ஜப்பான் பேராசிரியர் இகெதா கடற்பாசியிலிருந்து இதைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். தக்காளியிலும் இது இருக்கிறது. இதைப் போட்டால் உப்பைக் குறைக்கலாம். எனக்கு அது தெரிந்ததால் உப்பைக் குறைத்தேன்.

ஆயா ஒரு வாய் வைத்துவிட்டு ரொம்ப நேரம் மென்றது. பிறகு "சா காவுந்தே" என்றது. ஆயா வாயிலிருந்து பர்மா பாஷை வந்து நான் கேட்டதே இல்லை. என்னவென்று கேட்டதற்கு, நல்லா இருக்குன்னு அர்த்தமாம். உடனேயே, "உப்பு கம்மிடா" என்றும் சொன்னது.

கூனிப் பொடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கிட்டேயே போக வேண்டாம், பொடித்த மிக்சியையும் நன்றாகக் கழுவுங்கள். சைவ நண்பர்கள் அதற்குப் பதில் வறுத்த வேர்க்கடலைப் பொடி போடலாம், நான் செய்து பார்த்துவிட்டேன். திங்கட்கிழமை மதியம் டிபன் பாக்ஸில் நூடுல்ஸ் தனியாக, தட்டை தனியாக, புளித்தண்ணீர் ஒரு சின்ன பாட்டிலில் கொண்டு வருவேன். வேப்பமரத்தடிக்கு வந்தால் பிசைந்து தருகிறேன். கை கழுவிவிட்டு வரவும்.

— பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்