தேச சஞ்சாரமும் மனச் சுகமும்



சுகத்தை நாடாத உயிர் உலகில் இல்லை. எறும்பும் வெயிலை விட்டு நிழலுக்கு ஓடுகின்றது. மனிதனோ ஊர் விட்டு ஊரும், நாடு விட்டு நாடும் ஓடுகின்றான். இங்கே கிடையாதது அங்கே கிடைக்கும் என்னும் எண்ணமே அவன் காலில் சக்கரத்தைக் கட்டுகின்றது. நம் முன்னோர் வடார்க்காட்டை விட்டுக் கோலார் தங்கவயலுக்கு வந்ததும், இன்று நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறுவதும் பிழைப்பை நாடியே ஆகும். அது குற்றமன்று. பல்லாண்டு ஆலைத் தறிகளுக்கிடையே நின்று உழைத்தவனாகிய எனக்குக் கூலியின் அருமை தெரியும். ஆயினும் கூலி வேறு, சுகம் வேறு. இரண்டும் ஒன்றென எண்ணிப் புறப்படுகிறவன், கூலி கைக்கு வந்த பின்னும் சுகத்தைத் தேடிக்கொண்டே இருப்பான்.

அயல்நாடு செல்வதால் மனத்துக்குச் சுகம் உண்டாகுமா? உண்டாகுமாயின் எதனால் உண்டாகும்? இதனை ஆராய்வதற்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் சீனத்திலிருந்து நம் நாட்டுக்கு வந்த பாகியான் என்னும் பிக்குவின் யாத்திரையை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம். அவர் தாமே எழுதி வைத்த யாத்திரை நூல் இன்றும் நமக்குக் கிடைக்கின்றது.

1. புறப்பட்ட நோக்கம்

பாகியானுக்கு முன் பிறந்த தமையன்மார் மூவரும் இளமையிலேயே மாண்டனர். இக்குழந்தையாவது பிழைக்கட்டும் என்று தந்தையார் மூன்று வயதிலேயே இவரை விகாரத்தில் சேர்ப்பித்தார் என்று வரலாறு கூறும். அவ்வாறு விகாரத்தில் வளர்ந்தவர், 399ஆம் ஆண்டில் சாங்கான் நகரிலிருந்து தோழர் சிலருடன் இந்தியா நோக்கிப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது அறுபதை ஒட்டியிருக்கும். பேரன் பேத்திகளைக் கொஞ்சிக்கொண்டு திண்ணையில் அமரும் வயது அது!

ஏன் புறப்பட்டார்? சீன நாட்டில் சங்கத்தின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய நூல்கள் குறைபட்டுக் கிடந்தன. அவற்றை முழுமையாகத் தேடிக் கொணர்வதே நோக்கம். தமக்கு ஒரு சுகம் வேண்டும் என்று அவர் புறப்படவில்லை. தம் மக்களுக்கு ஒரு குறை இருந்தது. அதைத் தீர்க்கப் புறப்பட்டார்.

வழியோ கொடியது. பாலைவனத்தில் பதினேழு நாள் நடந்தனர். மேலே பறவையில்லை, கீழே விலங்கில்லை. முன்பு அவ்வழியே போய் மாண்டவர்களின் எலும்புகளே வழிகாட்டும் அடையாளங்கள். சிந்து நதியை நெருங்குகையில் செங்குத்தான பாறையில் வெட்டிய 700 படிகளில் இறங்கிக் கயிற்றுப் பாலத்தைக் கடந்தனர். தோழர்களுள் ஒருவர் பெஷாவரில் மாண்டார். ஹுயி-சிங் என்னும் மற்றொருவர், பனிமலையில் குளிர்காற்றைத் தாங்காமல், "நீங்கள் போங்கள், எல்லோரும் இங்கே மாள வேண்டாம்" என்னும் கருத்தைச் சொல்லி உயிர்விட்டார். பாகியான் அவ்வுடலைத் தடவியபடி அழுதார். பின் எழுந்து நடந்தார்.

இவ்வளவையும் தாங்கும் வலிமை எங்கிருந்து வந்தது? தண்ஹை வேறு, நற்செயலில் செல்லும் விருப்பம் வேறு. தண்ஹை "எனக்கு, எனக்கு" என்று கேட்கும். கிடைக்காவிடில் கோபமாகவும் கண்ணீராகவும் மாறும். நல்விருப்பம் "செய்ய வேண்டியது என்ன?" என்று கேட்கும், தடை வந்தால் மேலும் ஓரடி எடுத்து வைக்கும். யாத்திரையின் சுகம் ஊர் போய்ச் சேர்ந்த பின் தொடங்குவதன்று. புறப்படும்போது மூட்டையில் எதை வைத்துக் கட்டினோம் என்பதிலேயே அது தொடங்கிவிடுகின்றது.

2. பிறர் நலத்தில் மகிழ்தல்

வழியில் கோதான் நாட்டை அடைந்தார். அங்கே கோமதி விகாரத்தில் 3,000 பிக்குகள் ஒருங்கே உணவருந்தினர். மணியோசை கேட்டதும் வரிசையாக வந்து அமர்வர். பாத்திரம் உராயும் ஓசையும் எழாது. மேலும் சோறு வேண்டுமாயின் வாய் திறவாமல் கையால் குறிப்புக் காட்டுவர். பகல் உணவுச் சங்கு ஊதியதும் ஆலைச் சோற்றுக்கூடத்தில் எழும் இரைச்சலைக் கேட்டுப் பழகிய எனக்கு, இச்செய்தியைப் படிக்குந்தோறும் வியப்பாக இருக்கும்.

அந்நாட்டில் புத்தர் திருவுருவங்களைத் தேரில் எழுந்தருளச் செய்யும் விழா வரவிருந்தது. தோழர்களில் சிலர் முன்னே சென்றனர். பாகியானோ அதைக் காண மூன்று மாதம் அங்கே தங்கினார். மன்னன் முடியைக் கழற்றி, வெறுங்காலுடன் நடந்து வந்து மலர் தூவிப் பணிந்ததைக் கண்டு எழுதி வைத்தார். அவசரப் பயணி ஊர்களை எண்ணுவான். அறிவுள்ள பயணி நற்செயல்களை எண்ணுவான். பிறர் நன்மையைக் கண்டு மகிழும் இக்குணத்தையே முதிதை என்கிறோம். அது உள்ளவனுக்கு எந்நாடும் அந்நிய நாடாகாது. அது இல்லாதவனுக்கோ பக்கத்து வீடும் அந்நிய நாடே.

3. யாருடைய சுகம்?

இனி மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மதுரா நகரைக் கடந்து மத்திய தேசத்தைப் பற்றி எழுதும்போது, அங்கே மக்கள் பெருகிச் சுகமாக வாழ்வதாகவும், குடும்பக் கணக்கைப் பதிவு செய்யும் தொல்லைகூட அவர்களுக்கு இல்லை என்றும் பாகியான் எழுதுகிறார். அதே பகுதியில் இன்னொன்றும் எழுதுகிறார். சண்டாளர் எனப்பட்டோர் ஊருக்குப் புறம்பே வாழ வேண்டும். நகர வாயிலிலோ கடைத்தெருவிலோ நுழையும்போது, பிறர் அறிந்து விலகிக்கொள்ளுமாறு ஒரு மரத்துண்டைத் தட்டிக்கொண்டே வர வேண்டும்.

அன்பர்களே, இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்துப் படியுங்கள். ஒரே நாடு, ஒரே காலம். ஒருவனுக்குச் சுகம், மற்றொருவன் கையில் மரத்துண்டு. ஊரெல்லாம் சுகம் என்று சொல்லும்போது அந்த "ஊர்" என்னும் சொல்லுக்குள் எவரெவர் அடங்கினர் என்று நாம் கேட்க வேண்டும். தொலைதேசத்திலிருந்து வந்த பாகியான், தாம் போற்றிய புண்ணிய பூமியின் பெருமையையும் எழுதினார். அதன் சிறுமையையும் மறைக்காமல் எழுதினார். அவர் எழுதாது விட்டிருந்தால் அந்த மரத்துண்டின் ஓசை இன்று நம் காதில் விழுந்திராது.

பாடலிபுத்திரத்தில் வேறொரு காட்சியையும் கண்டார். செல்வக் குடும்பத்தார் அறச்சாலைகளும் மருந்துச் சாலைகளும் அமைத்திருந்தனர். ஏழைகள், அநாதைகள், உறுப்புக் குறைந்தோர், நோயாளிகள் ஆகியோர் அங்கே சென்று உணவும் மருந்தும் பெற்றுக் குணமானபின் தாமே திரும்பினர். ஒரே தேசத்தில் விலக்கி வைத்த கையும் இருந்தது. மருந்து கொடுத்த கையும் இருந்தது. அயல்நாடு செல்கிற நம் பிள்ளைகள் உயர்ந்த கட்டடங்களைப் பார்த்து வியக்கட்டும். அவற்றைக் கட்டியவன் எங்கே உறங்குகிறான் என்றும் பார்க்கட்டும். பிறர் துன்பத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு பெறும் சுகம் அறியாமையே அன்றிச் சுகமன்று.

4. தங்கியவரும் திரும்பியவரும்

பாடலிபுத்திரத்தில் மூன்றாண்டுகள் தங்கிச் சமஸ்கிருதம் பயின்று விநய நூலைப் பாகியான் படியெடுத்தார். முதுமையில் புது மொழி கற்றவர் அவர். படிக்க வயது போய்விட்டது என்போர் இதை நினைவிற் கொள்க. அங்கே அவருடன் எஞ்சியிருந்த தோழர் தாவோ-செங் ஒருவரே. பிக்குகளின் ஒழுக்கத்தைக் கண்டு மகிழ்ந்த அவர், இனித் திரும்புவதில்லை என்று இந்தியாவிலேயே தங்கிவிட்டார். பாகியானோ பெற்றதைத் தம் நாட்டுக்குக் கொண்டு சேர்க்க வேண்டுமென்று தனியே புறப்பட்டார்.

இவ்விருவரில் எவர் செய்தது சரி? தங்கியவரைப் பாகியான் எங்கும் பழிக்கவில்லை. நாமும் பழிக்க வேண்டியதில்லை. சென்ற இடத்தில் நல்வாழ்வு வாழ்வதும் தகும். பெற்றதைப் பிறந்த இடத்துக்குக் கொணர்வதும் தகும். இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் மனத்தை ஊசலாட விடுவதே துக்கம்.

5. வெண்பட்டு விசிறி

தாமிரலிப்தித் துறையில் ஈராண்டு தங்கிப் பின் கப்பலேறிப் பதினான்கு நாளில் இலங்கையை அடைந்தார். அனுராதபுரத்து அபயகிரி விகாரத்தில் பச்சைமணியால் செய்த புத்தர் உருவத்தின் முன் ஒரு நாள் நின்றார். அங்கே வணிகன் ஒருவன் சீனத்து வெண்பட்டு விசிறியைக் காணிக்கை வைத்திருந்தான். அதைக் கண்டதும் அவர் கண்களில் நீர் நிரம்பி வழிந்தது. நாடு விட்டுப் பல ஆண்டுகள். உடன் வந்தோரில் மாண்டவர் சிலர், பிரிந்தவர் சிலர். திரும்பிப் பார்த்தால் தம் நிழலைத் தவிர வேறு துணையில்லை.

அறிவும் துறவும் நிறைந்த முதியவர் ஒரு விசிறிக்காக அழலாமா எனக் கேட்பீர்கள். அழலாம். துக்கம் உண்டு என்று ஒப்புக்கொள்வதே நான்கு வாய்மைகளுள் முதலாவது. அயல்நாட்டில் இராப்பொழுதில் தாயை நினைத்து விம்மும் மகன் கோழையல்லன். ஆனால் அழுதபின் பாகியான் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த கப்பலில் ஏறவில்லை. இலங்கையில் ஈராண்டு தங்கி, சீனத்தில் இல்லாத நூல்களைத் தேடிப் பெற்ற பின்னரே புறப்பட்டார். துக்கத்தை மறைக்கவுமில்லை, அதன் கையில் கடிவாளத்தைக் கொடுக்கவுமில்லை.

6. கடலில் எறிந்தவையும் எறியாதவையும்

இருநூறு பேருக்கு மேல் ஏறிய கப்பல் புயலில் சிக்கிக் கசியலாயிற்று. வணிகர் தம் சரக்குகளைக் கடலில் எறிந்தனர். பாகியானும் தம் நீர்க்குடத்தையும் கழுவும் பாத்திரத்தையும் எறிந்தார். நூல்களையும் திருவுருவங்களையும் எறிந்துவிடுவார்களோ என்பதே அவர் அச்சம். அவை தப்பின. ஜாவாவில் ஐந்து மாதம் தங்கி வேறு கப்பலேறினார். மீண்டும் புயல் வந்தபோது, இந்தச் சிரமணனால்தான் இத்துன்பம் என்று சிலர் அவரைத் தீவொன்றில் இறக்கிவிட எண்ணினர். நல்லவர் ஒருவர் எதிர்த்து நின்று காத்தார். 412ஆம் ஆண்டில் திசை தெரியாமல் ஒரு கரையில் ஒதுங்கினர். அங்கே முளைத்திருந்த பழகிய கீரையைக் கண்டே, இது தம் நாடென அறிந்தனர். பின்னர் நான்கிங் நகரில் புத்தபத்திரர் என்னும் இந்திய பிக்குவுடன் அமர்ந்து நூல்களை மொழிபெயர்த்தார்.

புயல் ஒவ்வொருவர் வாழ்விலும் வரும். வேலை போகும், உடல் தளரும், ஆலையும் ஒரு நாள் மூடும். எதை எறியலாம், எதை எறியலாகாது என்பதை அமைதியான நாளிலேயே அறிந்து வைத்திருப்பவன் புயல் நாளில் கலங்கான். ஆகவே சுகம் அயல்நாட்டில் புதைந்து கிடக்கும் புதையலன்று. நல்ல நோக்கம், பிறர் நன்மையில் மகிழ்ச்சி, பிறர் துன்பத்தில் விழிப்பு, தன் துக்கத்தை அறிந்து நடக்கும் உறுதி ஆகிய இவை உள்ள இடத்தில் அது தானே விளையும். யாத்திரை அந்நிலத்தை உழும். விதை நம்முடையதாக இருத்தல் வேண்டும்.

வாரக் கூட்டத்தில் சிந்திப்பதற்கு:

(1) நம் வீட்டிலிருந்து வெளிநாடு செல்லும் பிள்ளைக்குப் பணம் அனுப்பச் சொல்வதன்றி வேறென்ன சொல்லி அனுப்புகிறோம்?

(2) நம் தெருவில் எல்லோரும் சுகம் என்று சொல்லும்போது யாரைக் கணக்கில் விட்டுவிடுகிறோம்?

(3) கப்பல் கசிந்தால் நாம் எறியத் துணியாதது எது?

எல்லா உயிர்களும் நலம் பெறுக.